குளுக்கோஸுக்கு முன்னால் ஒரு ஊசி

புதன்கிழமை, நான்காம் தேதி

சட்டியண்ணன் அவர்களுக்கு,

நெட்டையின் அக்கா எழுதுகிறேன். வணக்கம். நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை. இன்றைக்கு அந்த முறையை விட்டுவிடுகிறேன்.

கப்பலில் தம்பி உங்களை அழைத்த பெயரிலேயே நானும் அழைக்கிறேன். ஒன்பது மாதம் உங்கள் கையால் சாப்பிட்டுவிட்டுச் செத்தவன் அவன். அந்த உரிமை எனக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. பதில் போடாததற்குக் காரணம் வேலை அல்ல, கோபம். அரிசி பழையதாகவும் வண்டு விழுந்ததாகவும் இருந்ததால், தண்ணீர் தெளியும் வரை நான்கு முறை கழுவியதாக எழுதியிருந்தீர்கள். வெந்ததும் வடித்து, வடித்த தண்ணீரைக் கடலில் கொட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். கொட்டுவதற்கு முன் அதிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் எடுத்து, உப்புப் போட்டு நீங்கள் மட்டும் குடித்திருக்கிறீர்கள். காய்கறி தீர்ந்து நான்கு மாதத்துக்குப் பிறகு ஐந்து பேருக்குக் கால் வீங்கியபோது, உங்கள் கால் வீங்கவில்லை. அதற்குப் பெயர் பெரிபெரி என்பதும், பி1 வைட்டமின் இல்லாமல் வருவது என்பதும், அரிசியில் இருக்கும் கொஞ்சநஞ்சமும் கழுவிய தண்ணீரோடும் வடித்த தண்ணீரோடும் போய்விடும் என்பதும் கரைக்கு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. “நான்தாம்மா கொன்னுட்டேன்” என்று முடித்திருந்தீர்கள்.

அதை வார்டில் துணி அடுக்கும் அறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். கழுவியதைக்கூட விட்டுவிடலாம். அந்த ஒரு டம்ளரைத்தான் என்னால் விட முடியவில்லை. “சட்டியண்ணன் அரிசியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பவுடர் போட்டுத்தான்க்கா உலையில இறக்குவாரு” என்று தம்பி ஒரு முறை ஃபோனில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் சுத்தக்காரர் என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நிற்க. இப்போது எழுதுவது அதற்காக அல்ல. உங்கள் கேப்டன் எங்கள் வார்டில் இருக்கிறார். ஆறாம் எண் கட்டில், ஜன்னலோரம்.

திங்கட்கிழமை பகல் இரண்டு இருபதுக்குத் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தார்கள். கேஸ் தாளில் தொழில் என்ற இடத்தில் “மீன்பிடிக் கப்பல் கேப்டன், ஓய்வு” என்று இருந்தது. தம்பி அனுப்பிய குழுப் படத்தில் நடுவில் தாடியோடு நிற்பவர். தாடி இல்லை, உடம்பும் பாதியாகிவிட்டது. இறக்கி நிறுத்தியபோது, அலையில் ஆடும் தளத்தில் நிற்பவர் போலக் கால்களை அகட்டி வைத்துத் தடுமாறினார். கண்மணிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. என்னைப் பார்த்து, “தண்ணி இறங்கிடுச்சா? வலையை எடுக்கச் சொல்லு” என்றார்.

கூட வந்தது அவருடைய மனைவி. ஒல்லியான பெண்மணி, கையில் ஒரு துணிப்பை. “கப்பல்லேருந்து வந்ததிலேருந்து இப்படித்தான் சிஸ்டர். காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் குடி. சோத்தைப் பெசஞ்சு வெச்சிட்டு எழுந்துடுவாரு. பத்து மாசமாச்சு” என்றார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் அதே பி1 வற்றிப் போகும். என் தம்பிக்கு அது காலிலும் இதயத்திலும் இறங்கியது. இவருக்கு மூளைக்கு ஏறியிருக்கிறது. ஒரே வியாதி, அண்ணே. வாசல்தான் வேறு.

டியூட்டி டாக்டர் சின்ன வயது. அன்றைக்கு அவர் தலையில் நாற்பத்தொரு நோயாளிகள். “சாப்பிடலைல்ல, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்” என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பி1 வற்றிய உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், அந்தச் சர்க்கரையை எரிக்க, ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிச் சத்தும் செலவாகிவிடும். பாதி அணைந்த மூளை முழுதாக அணைந்து போகலாம். முதலில் பி1 ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். பயிற்சியில் முதல் வருடமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டேன். குழாயில் காற்றை வெளியேற்றிவிட்டேன். கையில் ஊசி ஏற்ற நரம்பும் நன்றாகவே தெரிந்தது. ஊசியைச் செருகித் திருகைத் திறக்க வேண்டியதுதான். நான் எதுவுமே தப்பாகச் செய்ய வேண்டியதில்லை. டாக்டர் எழுதியதைச் செய்தால் போதும். யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவர் கையெழுத்து இருக்கிறது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் கணக்கு எனக்குத் தெரியும்: ஏழு நிமிடம் நின்றேன். அந்த ஏழு நிமிடமும் என் மனதில் இரக்கம் என்று ஒன்று எட்டிப் பார்க்கவே இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒன்று தோன்றியது. மூளை அணைந்துவிட்டால் இந்த ஆள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். கப்பலை, தம்பியை, கப்பலின் தினப் பதிவான லாக் புத்தகத்தில் “வேலை செய்ய மறுக்கிறான்” என்று எழுதிய அந்த நாளை, “மாரடைப்பு” என்று எழுதிய மறுநாளை. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து, கொடுத்ததைத் தின்று, நிம்மதியாகக் கிழவராகிவிடுவார். அதை நானே என் கையால் ஏற்றிக் கொடுப்பதா?

டாக்டரைக் கூப்பிட்டேன். “குடிக்கிறவர் டாக்டர். கண்ணு ஆடுது. பி1 போட்டுட்டு ஏத்தலாமா?” என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யோ சிஸ்டர், நல்லவேளை கேட்டீங்க” என்று பெரிய அளவிலேயே எழுதிக் கொடுத்தார். நரம்பில் நான்தான் போட்டேன். நான் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக மறுநாள் எல்லோர் முன்னாலும் டாக்டர் சொன்னார். ஒரு சாட்சியைக் காப்பாற்றினேன் என்பது அவருக்குத் தெரியாது.

கடல் தொழிலாளர் நல அலுவலகத்தில் அடுத்த மாதம் ஏழாம் தேதி தம்பியின் மரணம் பற்றிய விசாரணை. நான்கு மனு கொடுத்துக் கிடைத்த நாள் அது. அதற்குள் இவரை எழுப்பி நிற்கவைத்துவிடுவேன். அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். பக்கத்தில் நின்று சரிபார்க்க நீங்கள் வர வேண்டும். வருவீர்களா என்பதை உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெட்டையின் அக்கா


திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் என்று எழுதியிருந்தாய். அந்தத் தைரியத்தில்தான் தங்கச்சி என்று எழுதுகிறேன். எனக்குப் பெரிதாக எழுத வராது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த ஆளுக்கு எதுக்கும்மா ஊசி? நாங்கள் யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. தானாகக் குடித்தார், தானாக விழுந்தார். கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். உன் இடத்தில் நான் இருந்தால் ஏழு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன், திருகைத் திறந்திருப்பேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிடாதே. கம்பெனி ஆள் போன வாரம் இங்கே வந்தான். நான் இப்போது ஒரு ஆலைக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறேன். அரிசிப் பக்கமே போவதில்லை, அடுப்படியில் வேறு ஆள். அவன் கொல்லைப்பக்கம் வந்து குந்திக்கொண்டு, “அரிசி கழுவுனது யாரு பெருசு? கேப்டனா, நீயா? வாயைத் தெறந்தா மொத ஆளா உள்ள போறது யாரு, நீயே சொல்லு” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது உண்மைதானே.

ஆனால் ஒன்றை முன் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். பயந்துதான் விட்டேன். இதையும் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

கேப்டன் அறையில் மருந்துப் பெட்டி இருந்தது. சாவி அவர் இடுப்பில். நெட்டை சாவதற்கு ஆறு நாள் முன்பு நான் டீ கொண்டுபோனபோது தலைவலி மாத்திரை எடுக்கப் பெட்டியைத் திறந்திருந்தார். உள்ளே ஒரு பெரிய பாட்டில், மஞ்சள் நிற மாத்திரை, மூடியில் சீல் உடைக்கவில்லை. கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட்டும் அங்கே இருந்தார். அவர்தான் பாட்டிலைத் திருப்பிப் படித்தார். “கேப்டன், கால் மரத்துப்போய் வீங்குனா இதைக் குடுக்கணும்னு போட்டிருக்கு. நம்ம பசங்களுக்குக் குடுத்துப் பாப்பமா?” என்றார். கேப்டன் பாட்டிலை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார். “ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு இருபது பேரும் கால் மரத்துப் போச்சும்பான். அப்புறம் வலையை உங்கப்பனா வந்து இழுப்பான்?” என்றார். இது அட்சரம் மாறாமல் அவர் சொன்னது.

நெட்டையைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கிய மறுநாள், அதே பாட்டிலின் சீலை அவரே உடைத்து மற்ற நாலு பேருக்கும் கொடுத்தார். பத்து நாளில் நாலு பேரும் எழுந்து நடந்தார்கள்.

கேப்டன் மேசையில் மூன்று பேர். அவர்களுக்குத் தனி டப்பா இறைச்சி, முட்டை, பயறு. அவர்கள் மிச்சம் வைத்த பயறையும் நான் தின்றிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன். கஞ்சித் தண்ணி மட்டும் என்னைக் காப்பாற்றவில்லை.

நெட்டைக்கு ஒரு நாள் அந்தத் தண்ணியைக் கொடுத்தேன் தங்கச்சி. முகர்ந்து பார்த்துவிட்டு, “மாட்டுக்கு வெக்கிறதை எனக்கு வெக்கிறியே, நான் என்ன உனக்குப் பால் கறக்கப்போறனா?” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். வற்புறுத்தவில்லை. அது மருந்து என்று எனக்கே தெரியாதே.

நான் வரமாட்டேன். என்னை மன்னித்துவிடு. உனக்கு நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
சமையல்காரன்


சனிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி

சட்டியண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்த மாத்திரைப் பாட்டிலைப் பற்றிப் படித்த அன்று எனக்குக் காலை டியூட்டி. மருந்து அலமாரியைத் திறந்தால் அதே மாத்திரை இரண்டாம் தட்டில் இருக்கிறது. எல்லா வார்டிலும் இருக்கும். காலாவதி ஆனதை மாதம் ஒரு முறை எடுத்துக் குப்பையில் போடுவது என் வேலைகளில் ஒன்று. எத்தனை போட்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

கேப்டனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் கண் துடிப்பது நின்றது. இரண்டாம் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தினமும் ஊசி, பிறகு மாத்திரை. பருப்பும் முட்டையும் சாப்பாட்டில் தவறாமல் இருக்கிறதா என்று நானே நின்று பார்த்தேன். தட்டில் மிச்சம் வைத்தால் விடமாட்டேன். “பெத்த மககூட இப்படிப் பாத்துக்கமாட்டா சிஸ்டர்” என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறிவிடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஞாபகம் திரும்பவில்லை.

கண்ணும் காலும் முதலில் திரும்பும், ஞாபகம் கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலேயே போகும் என்று டாக்டர் சொன்னார். பத்து மாதக் குடி, ஊசி தாமதம் என்றார். நான் நின்ற ஏழு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்தது போல. “ஏழு நிமிஷம் எல்லாம் ஒண்ணும் பண்ணாது சிஸ்டர்” என்றார். நம்பினேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சும்மா மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறந்த இடத்தில் அவர் வேறு ஏதாவது வைத்து நிரப்பிக்கொள்கிறார். இந்த வியாதியில் அப்படி ஆகுமாம். அது பொய் அல்ல, அவருக்கு அதுதான் உண்மை. வார்டைத் துறைமுக அலுவலகம் என்கிறார். கப்பலைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. “அந்தப் பயணம் மாதிரி வராதும்மா. பசங்க எல்லாம் வயிறாரச் சாப்பிட்டானுங்க” என்கிறார். ஒரு நாள் என்னிடமே கேட்டார்: “நெட்டை எங்கே? காலைல வலை இழுக்கச் சொன்னேன். நல்ல பையன், சிரிச்சிக்கிட்டே இருப்பான்.”

“அவன் செத்துட்டான்” என்றேன். “உங்க கப்பல்ல, கால் வீங்கி, மூச்சு முட்டிச் செத்தான். மாத்திரை உங்க பெட்டியில இருந்துச்சு” என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அழுதார். தேம்பித் தேம்பி, தோள் குலுங்க. அரை மணி நேரம் கழித்துப் போனேன். கண் சிவந்திருந்தது, எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. “நெட்டை வந்தானா?” என்று கேட்டார்.

அண்ணே, நான் ஒன்பது முறை சொன்னேன். ஒன்பது முறையும் அப்போதுதான் முதல் தடவை கேட்பவர் போலவே அழுதார். முதல் மூன்று முறை எனக்கு இனித்தது. இப்படி ஒரு தண்டனை எந்தக் கோர்ட்டும் கொடுக்காது, தினமும் புதிதாகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான்காவது முறையிலிருந்து மருந்து கொடுக்கும் நேரம் போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. ஒன்பதாவது முறை அவர் மனைவி ஓடிவந்தார். “என்ன சிஸ்டர் சொல்றீங்க அவருகிட்ட? ஏன் இப்படி அழுறாரு?” என்று கேட்டார். கணவரிடமும் கேட்டார். “தெரியலையே” என்றார் கேப்டன். அதோடு நிறுத்திவிட்டேன். மனம் இளகி நிறுத்தவில்லை. ஓட்டைப் பானையில் எத்தனை குடம் ஊற்றினாலும் தங்காது. என் ஆத்திரத்தை அப்படி வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

வியாழக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனியின் வக்கீல் ஏற்கெனவே மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏழாம் தேதி கேப்டன் வரமாட்டார். வந்தாலும் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டதாகச் சந்தோஷமாகச் சொல்வார். மேட் வேறு தேசத்துக் கப்பலில் இருக்கிறார், எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. மாத்திரை தின்று பிழைத்த நான்கு பேரும் அதே கம்பெனியில் மறுபடி ஏறிவிட்டார்கள். அந்தப் பெட்டியை அவர்கள் பார்க்கவும் இல்லை. ஆக, அந்த அறையில் அந்த வார்த்தையைக் கேட்டு, அதை இன்னும் அட்சரம் மாறாமல் வைத்திருக்கும் ஒரே தலை உங்களுடையதுதான்.

உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. விசாரணை அதிகாரியிடம் காட்டினேன். “கடுதாசியை நான் குறுக்கு விசாரணை பண்ண முடியாதும்மா. எழுதுன ஆளைக் கூட்டிட்டு வா” என்று திருப்பிக் கொடுத்தார். நான் அவற்றைக் கிழிக்கப்போவதில்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

கம்பெனி ஆள் கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் என் பங்கையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

சாவதற்கு மூன்று வாரம் முன்பு தம்பி கப்பல் ஃபோனிலிருந்து பேசினான். இரண்டு நிமிடம்தான் பேச விடுவார்களாம். “அக்கா, கால்ல செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல. பாதம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. சாயந்திரமானா வீங்குது” என்றான். பத்தொன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்ப்பவள் நான். “நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செஞ்சா வீங்கத்தான்டா செய்யும். படுக்கும்போது காலுக்குக் கீழ தலையணை வை” என்றேன். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மீதி எல்லாம் எனக்கே புரிந்திருக்கும். அன்றைக்கு எங்கள் வார்டில் ஆய்வு, நான் அவசரத்தில் இருந்தேன்.

ஏழாம் தேதி நான் முதலில் எழுந்து இதைச் சொல்வேன். என் பங்கு இவ்வளவு என்று என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அதன் பிறகு நீங்கள் எழுந்து, நான்கு முறை கழுவினேன், வடித்துக் கொட்டினேன், மிச்சப் பயறைத் தின்றேன் என்று சொல்லுங்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால், அந்த ஆள் சிரித்துக்கொண்டு கேட்க ஒன்றும் மிஞ்சாது. உங்களுடையதும் என்னுடையதும் தெரியாமல் செய்தவை. இரண்டையும் கழித்துவிட்டால் மேசை மேல் ஒன்றே ஒன்று கிடக்கும்: சீல் உடைக்காத பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துக் காட்டிய பிறகும் பூட்டியது. அது முழுக்க முழுக்க கேப்டனுடையது. பதின்மூன்று மாதம் கரை சேராமல் மனிதர்களை வேலை வாங்கிய கம்பெனிக்கும் அதில் இடம் உண்டு. அவர் மறந்துவிட்டார் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. லாக் புத்தகத்தில் “வேலை செய்ய மறுக்கிறான்” என்ற வரியின் மேல் கோடு போட வைக்காமல் நான் ஓயப்போவதில்லை. அந்தக் கப்பலும் அந்தக் கம்பெனியின் மற்றக் கப்பல்களும் பயறும் முட்டையும் இல்லாமல், அந்த மாத்திரை ஆள் ஆளுக்குக் கைக்கு எட்டாமல், துறைமுகத்தை விட்டுக் கிளம்பக்கூடாது. இதைத்தான் நான் பழி என்கிறேன். வேறு பெயர் யாராவது வைத்தால் அது அவர்கள் பாடு.

காலை பத்தரை மணிக்கு விசாரணை. இரண்டாவது மாடி, லிஃப்ட் ஓடாது, படிதான். பேருந்து நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன். நீல நிறக் குடை வைத்திருப்பேன்.

உங்கள் கை கால் திடமாக இருக்க வேண்டும் அண்ணே. கண் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கெல்லாம் மேலாக, உங்கள் ஞாபகத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கப்பலில் கேட்டது, பார்த்தது, செய்தது எதுவும் ஒரு துளி மங்காமல், நீங்கள் நூறு வயது வரை நன்றாக இருக்க வேண்டும்.

வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி